வல்லினம் உதிரும் காது: 'எல் டெஃபோ'வை முன்வைத்து

காது கேட்காத பாத்திரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 'மொழி' (2007) படத்து ஜோதிகாதான். எனக்கும் பிடித்த படம். ஆனால் அதில் இருப்பது முழு மௌனம். முழு மௌனத்தைக் காதலிக்கலாம், அதற்குப் பாட்டுப் போடலாம். பாதி கேட்கும் காதை என்ன செய்வது? அதுவும் முப்பது பேர் கத்திக்கொண்டிருக்கும் வகுப்பறையில்?

சிசி பெல்லின் 'எல் டெஃபோ' (2014) இந்தப் பாதியைப் பற்றிய படக்கதை. தன்வரலாறுதான், பாத்திரங்கள் எல்லாம் முயல்கள். நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து சிசியின் செவித்திறன் போகிறது. முதலில் தன்னைப் போன்ற பிள்ளைகளோடு படிக்கிறாள். குடும்பம் ஊர் மாறியதும் சாதாரணப் பள்ளி. நெஞ்சில் 'ஃபோனிக் இயர்' என்ற பெட்டி, ஆசிரியர் கழுத்தில் மைக். பேட்டரி தீரும்போது பேச்சுக் குமிழிக்குள் எழுத்துகள் வெளிறிக்கொண்டே போய், கடைசியில் வெறும் குமிழி மிஞ்சுகிறது.

நானும் இடது காதில் கருவியோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்துகொண்டு பொறியியலாளர் வேலை. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கருவி சத்தத்தைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. மின்விசிறி, இழுபடும் நாற்காலி எல்லாம் சேர்ந்தே பெரிதாகும். பேச்சில் உயிரெழுத்துகளுக்குத்தான் பலம். ச, ட, ப எல்லாம் பெயரளவில் வல்லினம், ஒலியளவில் மெலிந்தவை. மெல்லினம் தப்பித்து வந்துவிடும், வல்லினம் வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தை உதட்டைப் பார்த்து நிரப்ப வேண்டும். படமும் மடமும் உதட்டில் ஒன்றுதான். ழகரமோ வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். சொல்வதெழுதுதல் அன்று ஆசிரியர் நடந்துகொண்டே வாசித்தால் கதை முடிந்தது. "கூப்பிட்டா திரும்புறதானே, அப்புறம் என்ன?" என்பார்கள். கூட்டாளிகள் 'பெக்காக் பாடாக்' என்பார்கள். இரண்டாவதைத் தாங்கிக்கொள்ளலாம், அதில் சந்தேகம் இல்லை.

பெல் கேலியிடம் அதிக நேரம் செலவிடவில்லை. அவர் நின்று பார்ப்பது ஜின்னியை. ஜின்னி நல்லவள், சிசியிடம் மட்டும் சத்தமாக, இழுத்து இழுத்துப் பேசுவாள். இழுத்தால் உதட்டு வடிவமே மாறி, புரிவதும் புரியாமல் போகும். அதைவிட மோசம், ஒவ்வொரு வாக்கியமும் 'இவளுக்குக் காது கேட்காது' என்று ஊருக்கு அறிவிப்பது. கேலி செய்பவனிடம் சண்டை போடலாம். ஜின்னியிடம் எப்படிப் போடுவது? இந்தச் சிக்கலை இவ்வளவு சரியாகத் தொட்ட வேறு புத்தகத்தை நான் படித்ததில்லை.

மார்த்தாவின் கதை இன்னும் நுட்பம். விளையாட்டில் சிசியின் கண்ணில் அடிபடுகிறது. குற்றவுணர்வில் மார்த்தா விலகிப்போகிறாள். காதுக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்துக்காக ஒரு நட்பு முறிகிறது. சிசிக்கு அது துக்கம். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், லேசான பொறாமை.

ஒரு விஷயத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வகுப்பை விட்டு வெளியே போன ஆசிரியரின் கழுத்தில் மைக் அப்படியே இருப்பதால், அவர் கழிப்பறைக்குப் போவதுகூடச் சிசிக்குக் கேட்கும். ஆசிரியர் திரும்பி வருவதை எச்சரித்து வகுப்பின் நாயகியாகிறாள். சிரித்தேன். ஆனாலும், பயன்பட்டால்தான் சேர்த்துக்கொள்வார்களா? மைக் இல்லாமல் வெறும் கருவியை மாட்டிய பிள்ளைக்கு இந்த வல்லமையும் கிடையாதே.

சைகை மொழி வகுப்பைச் சிசி வெறுக்கிறாள். அதற்காக அவளைப் பெல் திருத்த முயலாததை மதிக்கிறேன். இங்கே 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகை மொழியை அங்கீகரித்திருக்கிறது, பிரிக்பீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ.வில் அதற்கு வகுப்புகளும் உண்டு. நம் வீடுகளிலோ, "பிள்ளைக்குத்தான் பேச்சு வந்துருச்சே, அது எதுக்கு?" என்பார்கள். சிசியின் வெறுப்புக்குள் அந்த 'எதுக்கு'ம் இருக்கிறது.

யாராவது இதைத் தமிழில் கொண்டுவந்தால், வெளிறும் குமிழிகளில் எந்த எழுத்தை முதலில் அழிப்பது என்ற கேள்வி வரும். வல்லினம் முதலில் போகட்டும். 'சாப்பிட்டியா' என்பது 'ஆ... இ... இயா' ஆகிவிடும். எங்கள் வீட்டில் அதற்கும் நான் தலையாட்டுவேன்.