நொடியும் அவிழ்ப்போரும்: விடுகதைத் தொகுப்புகள் குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

நாட்டார் வழக்காறுகளுள் விடுகதைக்கு எமது ஆய்வாளர் அளித்துள்ள இடம் சிறிதன்று. பாடல்களுக்கும் கதைகளுக்கும் அடுத்தபடியாக ஆர்வத்தோடு திரட்டப்பட்டவை பழமொழிகளும் விடுகதைகளுமே எனலாம். எனினும் இத்தொகுப்புகளைப் புரட்டுந்தோறும் எனக்கு ஒரு மனக்குறை எழுவதுண்டு. வினாவின் கீழே அடைப்புக்குறிக்குள் விடை அச்சாகியிருக்கும். வினாவை வாசித்து முடிக்குமுன்னரே வாசகனின் கண் விடையிற் போய் விழுந்துவிடும். சில பதிப்பாசிரியர் விடைகளை நூலின் இறுதியில் இலக்கமிட்டுத் தருவர். அது சற்று மேல். ஆயினும் அங்கும் வாசகன் தனியனாகவே பக்கத்தைப் புரட்டுகிறான். இவ்வாறு அச்சேறி எம்மை வந்தடைவது விடுகதைதானா, அன்றி அதன் தொடக்கமும் முடிவும் மட்டுமா என்ற ஐயத்தை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வடிவத்தின் பழமையை எவரும் மறுப்பதற்கில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் இதனைப் பிசி என்கிறார். அடிவரையறை இல்லாத ஆறனுள் ஒன்றாக அதனைக் கூறுமிடத்து, நொடி என்ற சொல்லோடு சேர்த்தே அதனைக் குறிப்பிடுகிறார். ஈழத்து முதியோர் நாவில் இன்றும் வழங்கும் 'நொடி' என்ற சொல்லை அந்நூற்பாவில் முதன்முறை கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை விரிவுரை மண்டபத்தில் வெளிக்காட்ட இயலவில்லை. தொல்காப்பியர் பிசியை இருவகைப்படுத்துவார்: உவமத்தாற் பிறப்பது ஒன்று, தோன்றுவதைக் கிளந்து கூறுவதனாற் பிறப்பது மற்றொன்று. பிறையைக் கவ்விய மலையொன்று நடப்பதாகச் சொல்லி யானையைக் கருதவைப்பதை உரையாசிரியர் பேராசிரியர் உதாரணங் காட்டுகிறார். இப்பாகுபாடு நுட்பமானது. ஆனால் இது சொல்லப்படும் கூற்றின் பாகுபாடு. கேட்பவர் இங்கு இல்லை. இலக்கண நூலாரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று.

மேலைத்தேய ஆய்வாளரும் பெரும்பாலும் இவ்வழியே சென்றனர். ஆர்ச்சர் டெய்லர் 1951 இல் வெளியிட்ட ஆங்கில விடுகதைத் தொகுதி, விடைகளைக்கொண்டு வரிசைப்படுத்தாது, எப்பொருளை எதனோடு ஒப்பிடுகிறது என்பதைக்கொண்டு வரிசைப்படுத்தியது. இது ஒரு பெரும் முன்னேற்றமே. 1963 இல் ரொபர்ட் ஜோர்ஜஸ், அலன் டண்டிஸ் ஆகிய இருவரும் அமைப்பியல் நோக்கில் விடுகதைக்கு ஒரு வரைவிலக்கணம் தந்தனர். விவரணக் கூறுகள் சில உள. அவற்றுள் இரண்டு ஒன்றோடொன்று முரணலாம். அவை சுட்டும் பொருள் ஊகித்தறியப்படவேண்டும் என்பது அதன் சாரம். 'ஊகித்தறியப்படவேண்டும்' என்ற செயப்பாட்டுவினையை நோக்குக. எவரால், எத்தனைபேரால், எவ்வளவு நேரத்தில் என்பதற்கு அங்கு இடமில்லை. டண்டிஸ் மறு ஆண்டிலேயே, பனுவலோடு அது வழங்கும் சூழலும் பதிவாகவேண்டும் என்று வற்புறுத்தினார். எமது தொகுப்புகளுட் பெரும்பாலானவற்றுக்கு அக்குரல் எட்டவில்லை.

இங்கு என் சொந்த அனுபவத்திற் சிலவற்றைக் கூறவேண்டியுள்ளது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூருக்கும் வெருகலாற்றுக்கும் இடைப்பட்ட ஈச்சிலம்பற்று எனது ஊர். வயலும் களப்பும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் இடம். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அம்மம்மா நொடி போடுவார். அவற்றுள் ஒன்று இது: 'ஆயிரம் கண்ணுடையான், ஒன்றாலும் பாரான், ஆற்றில் முழுகுவான், தாகம் தீரான்.' முதற்பாதியைச் சொல்லி அவர் நிறுத்திவிடுவார். உடனே ஒருவர் அரிதட்டு என்பார். மற்றொருவர் அன்னாசிப்பழம் என்பார். அம்மம்மா எதையும் பிழையென்று சொல்வதில்லை. 'கிட்டடியில வந்திட்டாய், இன்னும் கொஞ்சம் இறங்கு' என்பார். எங்கே இறங்குவது என்று நாங்கள் யோசிக்கும்போதுதான் இரண்டாம் பாதி வரும். அரிதட்டைச் சொன்னவர் 'அரிசி அரிக்கத் தண்ணீருக்குள் போகுந்தானே' என்று வாதாடுவார். 'அது முழுகுமா, நனையுமா?' என்று இன்னொருவர் மடக்குவார். இப்படிப் பத்து நிமிடமேனும் கழிந்த பின்னரே வலை என்ற விடை எவர் வாயிலிருந்தேனும் வரும். பல வேளைகளில் அதைச் சொன்னவர் யார் என்பதே தெளிவாயிராது. அரிதட்டு வழிவிட, முழுகுதல் என்ற சொல் கைகாட்ட, விடை எல்லோருக்குமாக வந்துசேர்ந்திருக்கும். விடையை முன்பே அறிந்தோர் வாய்திறக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர்கள் சிரிக்கலாம், அவ்வளவே அனுமதி. ஒரு தொகுப்பில் இந்நொடி இடம்பெறின் இரண்டு வரியும் 'வலை' என்ற ஒரு சொல்லும் மிஞ்சும். அரிதட்டுக்கு அங்கு இடமில்லை. ஆனால் அரிதட்டு இல்லாவிடின் நாங்கள் வலைக்கு வந்திருக்கமாட்டோம்.

விடுகதைக்கு விடை ஒன்றே என்ற நம்பிக்கையும் மீள்பரிசீலனைக்குரியது. 2006 ஆம் ஆண்டு எமது பகுதி மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கமும், பின்னர் மட்டக்களப்பிலிருந்த முகாம்களுக்கும் இடம்பெயர்ந்தனர். மீள்குடியேற்றம் 2007 இலேயே தொடங்கிற்று. எனக்கு அது நினைவறியாப் பருவம். அம்மா சொல்லக் கேட்டதையே எழுதுகிறேன். முகாமில் ஒரு மாலை அம்மம்மா இதே நொடியின் முதற்பாதியைச் சொன்னாராம். பக்கத்துக் கூடாரத்துச் சிறுமி ஒருத்தி 'நுளம்புவலை' என்றாளாம். மீன்வலையை அவள் பார்த்து நாளாகியிருந்தது. நிவாரணமாகக் கிடைத்த நுளம்புவலைக்குள்ளேதான் ஒவ்வோர் இரவும் படுத்திருந்தாள். இரண்டாம் பாதியைச் சொல்லியிருந்தால் அவள் தோற்றிருப்பாள். அம்மம்மா அதனைச் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டு, 'இரவில் வீடு கட்டுவான், விடிந்தால் பிரிப்பான்' என்று புதியதொரு பாதியை ஒட்டினாராம். சிறுமி வென்றாள். ஆய்வாளர் இதனை 'வேறுபாடம்' என்று அடிக்குறிப்பிலிடக்கூடும். கேட்போரிடமிருந்து வந்த விடையே நொடியைத் திருத்தி எழுதிய செயல் இது. நொடிபோடுபவர் எதிரே இருப்பவரின் உலகத்தைக் கணக்கிலெடுத்தே பேசுகிறார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தருக்கப் புதிர்களின் நிலை என்ன என்று ஒருவர் வினவலாம். உவமையிற் பிறக்கும் நொடி நெகிழும். தருக்கத்துக்கு விடை ஒன்றுதானே? எமது பகுதியில் யாவரும் அறிந்த ஆற்றைக் கடக்கும் புதிரை எடுத்துக்கொள்வோம். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒருவன் தோணியில் அக்கரை சேர்க்கவேண்டும். ஒரு தடவையில் ஒன்றையே ஏற்றலாம். அவன் இல்லாதவிடத்துப் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். ஐரோப்பாவில் இப்புதிர் ஓநாய், ஆடு, கோவா என்ற வடிவில், எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குவினுக்கு உரியதெனக் கருதப்படும் இலத்தீன் தொகுதியிலேயே காணப்படுகிறது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட 2009 ஆம் ஆண்டுவரை, திருகோணமலைக்குத் தரைவழியே செல்வோர் அங்கு பாதைக்காகக் காத்துநிற்க வேண்டியிருந்தது. பாதை அக்கரையில் நிற்கும் நேரத்தில் இப்புதிரை அவிழ்க்கப் பலர் கூடுவர் என அம்மா கூறுவார். பொழுதுபோக்குக்கு இதனினும் பொருத்தமான இடம் ஏது!

இப்புதிரின் முடிச்சு, ஒருமுறை அக்கரை சேர்த்த ஆட்டை மீண்டும் இக்கரைக்குக் கொண்டுவருவதிலேயே உள்ளது. ஏழு தடவை ஆறு கடக்கப்பட வேண்டும். தனியே யோசிப்பவர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே தடுக்கி நிற்பார். கொண்டுசேர்த்ததைத் திருப்பிக் கொண்டுவருதல் மனத்துக்கு ஒவ்வாது. கூட்டத்தில் ஒருவர் 'திருப்பிக் கொண்டுவரலாமோ?' என்று கேட்பார். 'வேண்டாமெண்டு ஆர் சொன்னது?' என்று மற்றொருவர் திருப்பிக் கேட்பார். அவ்வளவில் முடிச்சு அவிழ்ந்துவிடும். கேட்டவருக்கு விடை தெரியாது. மறுமொழி சொன்னவருக்கும் தெரியாது. இருவர் பேச்சுக்கும் இடையிலேயே அது பிறக்கிறது. விடை ஒன்றேயாயினும் அதனை அடைந்த வழி பலருடையது. அச்சுப் புத்தகமோ ஏழு படிகளையும் வரிசையாகத் தந்துவிடுகிறது. தயக்கம் எந்தப் படியில் நிகழ்ந்தது என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடாதிருக்க முடியாது. இலங்கைக் காடுகளிற் புலி இல்லை, இருப்பது சிறுத்தையே. ஆயினும் புதிரிற் புலிதான் வழங்கிவந்தது. முகாமில் இருந்த காலத்தில் அம்மம்மா அதனை நரியாக்கிவிட்டாராம். அச்சொல்லைக் கூடாரத்துக்குள் உரத்துச் சொல்வதை எவரும் விரும்பாத நாட்கள் அவை. நரி வந்ததும் ஆடு குட்டியாகச் சுருங்கவேண்டியதாயிற்று. வளர்ந்த ஆட்டை நரி தின்னுமா என்று பிள்ளைகள் கேட்டுவிட்டனர். தருக்கம் சிறிதும் மாறவில்லை. ஆனால் அப்புதிரில் அக்காலம் முழுவதும் பதிந்துள்ளது. 'நரி, ஆட்டுக்குட்டி, புல்லு' என்ற வடிவம் நாளை ஒரு தொகுப்பில் இடம்பெற்றால், அதற்கு என்ன விளக்கம் எழுதப்படும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

விடுகதை நூல்களின் முன்னுரைகள் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசுகின்றன: விடுகதை சிறுவரின் அறிவைக் கூர்மையாக்கும், நினைவாற்றலை வளர்க்கும் என்பன அவை. இதில் உண்மையுண்டு. ஆயினும் இவ்வாதம் விடுகதையைப் பரீட்சையின் தம்பியாக்கிவிடுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் நுண்ணறிவு வினாக்கள் வருகின்றன. பட்டம் பெற்றபின் தொழிலுக்குத் தோற்றும் போட்டிப் பரீட்சைகளிலும் அவை தொடர்கின்றன. அவற்றுட் சில எங்கள் வீட்டு நொடிகளுக்கு உறவுமுறையானவை. பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் 'கிட்டடியில வந்திட்டேனோ?' என்று கேட்டால் வினாத்தாள் பறிக்கப்படும். அங்கு அது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தை மண்டபத்துக்கு வெளியேயும் கொண்டுவந்து, தனியாக விரைந்து விடை சொல்பவனே கெட்டிக்காரன் என்று நொடியையும் அளப்பது தகாது. நொடியில் விரைந்து விடைசொல்பவன் உண்மையிற் பிறரது இரவைக் கெடுப்பவன். எங்கள் வீட்டில் அத்தகையோரை அடுப்படிக்கு அனுப்பிவிடுவர்.

எல்லாப் புதிருக்கும் இது பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணச் சொல்கிறது. காம்பைச் சூழ்ந்த முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கவேண்டும் என வழியும் தருகிறது. அங்கே வழியே செல்வம். அதனை அச்சிடுவதால் எதுவும் கெடுவதில்லை. பழம் அந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படுகிறதா என்பது வேறு விடயம். நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். மேலும், தொகுப்பாசிரியர்கள் வீடுவீடாகச் சென்று எழுதியிராவிடின் பல்லாயிரம் நொடிகள் இன்று எமக்குக் கிட்டியிரா. அவர்களது உழைப்பைக் குறைத்து மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. ஒலிப்பதிவு வசதி அரிதாயிருந்த காலத்தில் அவர்கள் செய்தது பெரிது. கைத்தொலைபேசியிலேயே ஓரிரவு முழுவதையும் பதியக்கூடிய இன்றைய மாணவரும் அதே பழைய அட்டவணையை நிரப்பிக்கொண்டிருப்பதே என் முறைப்பாடு. பிழையான விடைகளையும், அவை எந்த ஒழுங்கில் வந்தன, யார் யாரை மறித்தனர் என்பதையும் எழுதினாலன்றி விடுகதை ஆய்வு அரைகுறையாகவே நிற்கும்.

இம்முறைப்பாட்டில் முதற் குற்றவாளி நானே. முதலாம் வருடத்தில் ஓர் ஒப்படைக்காக அம்மம்மாவிடம் நாற்பத்துமூன்று நொடிகள் எழுதினேன். இடப்பக்கம் நொடி, வலப்பக்கம் விடை. அவர் விடைக்கு முன் எதையாவது சொல்லத் தொடங்கினால், 'அதை விடுங்க அம்மம்மா, விடையைச் சொல்லுங்க' என்றேன். ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அடுத்த மாரியில் அம்மம்மா காலமானார்.

நாற்பத்துமூன்றில் ஒன்றுக்கு மட்டும் வலப்பக்கம் வெறுமையாயிருக்கிறது. அன்று எவரோ படலையிற் கூப்பிட, நான் எழுந்து போயிருக்கவேண்டும். 'கதவை அடைத்தாலும் இருப்பான், திறந்தாலும் இருப்பான். வீட்டார் போனால் தானும் போவான்.' கடந்த விடுமுறையில் இதனை ஊரிற் பலரிடம் போட்டுப்பார்த்தேன். அடுப்புச் சூடு என்றார் அம்மா. பேச்சுச் சத்தம் என்றார் மாமா. விளக்கு வெளிச்சம் என்றொருவர் சொல்ல, அது கதவு திறந்தாற் காற்றில் அணையுமே என்று மறுத்தார் வேறொருவர். அயல்வீட்டுப் பையன் நாய் என்றான். எல்லோரும் சிரித்தனர்; அம்மா மட்டும் சிரிக்கவில்லை. 'இல்லைப் புள்ளை,' என்றார். 'நாய் போகாது. நாங்க போனபோது நாயெல்லாம் அங்கேயே நிண்டது.' அதன்பின் சற்றுநேரம் எவரும் விடை சொல்லவில்லை. பிறகு மாமா மறுபடி தொடங்கினார்.