பிளாக்வெல்ஸ்: கடையும் பதிப்பகமும்

பிளாக்வெல்ஸ், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக நகரில் 1879இல் தொடங்கப்பட்ட புத்தக விற்பனை நிறுவனம். பின்னர் பதிப்புத் துறையிலும் பெயர் பெற்றது.

தோற்றம்

பென்ஜமின் ஹென்றி பிளாக்வெல் 1879 ஜனவரி 1 அன்று பிராட் தெருவில் கடையைத் திறந்தார். 12 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட ஒரே அறைதான் அது. எதிரே ஷெல்டோனியன் அரங்கம். அருகில் பாட்லியன் நூலகமும் கல்லூரிகளும். வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் நூல்களைப் புரட்டிப் பார்க்கலாம் என்பது கடையின் வழக்கமாயிற்று.

பதிப்புப் பணி

நிறுவனரின் மகன் பாசில் பிளாக்வெல் 1913இல் தொழிலுக்கு வந்தபின் பதிப்புப் பணி விரிந்தது. 1915ஆம் ஆண்டின் 'ஆக்ஸ்போர்டு பொயட்ரி' தொகுப்பில் டோல்கீனின் இளமைக்காலக் கவிதை ஒன்று இடம்பெற்றது. 1916இல் டோரதி சேயர்ஸின் முதல் கவிதை நூல் வெளியாயிற்று. துப்பறியும் நாவல்களால் அவர் புகழ் பெற்றது அதற்குப் பின்னரே. அறிவியல், மருத்துவ நூல்களுக்கெனத் தனிப் பதிப்பகம் 1939இல் தொடங்கப்பட்டது.

விரிவும் விற்பனையும்

1966இல் டிரினிட்டி கல்லூரி வளாகத்தின் அடியில் நோரிங்டன் அறை திறக்கப்பட்டது. சுமார் 10,000 சதுர அடிப் பரப்பும் மூன்று மைல் நீளப் புத்தகத் தட்டுகளும் கொண்டது அது. 1999இல் கேம்பிரிட்ஜின் ஹெஃபர்ஸ் கடையை நிறுவனம் வாங்கியது. 2007இல் பதிப்பகப் பிரிவு அமெரிக்காவின் ஜான் வைலி நிறுவனத்துக்கு 57.2 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டது. 2022இல் கடைகளும் வாட்டர்ஸ்டோன்ஸ் நிறுவனத்தின் வசமாயின.

மதிப்பீடு

பிளாக்வெல்ஸைப் பற்றிப் பேசுவோர் நோரிங்டன் அறையின் அளவையே முதலில் வியப்பர். ஆனால் நிறுவனத்தின் உண்மையான சாதனை, ஒரே பெயரின்கீழ் விற்பனையும் பதிப்பும் இணைந்திருந்ததுதான். மாணவர் எதைத் தேடுகின்றனர், ஆசிரியர் எதைப் பரிந்துரைக்கின்றனர் என்பதைக் கடை அன்றாடம் அறியும். பெயர் தெரியாத இளங்கவிஞரின் நூல் வாசகரைச் சென்றடைய அத்தகைய கடையே முதல் இடம்.

ஆய்விதழ்கள் மின்வடிவுக்கு மாறிய காலத்தில் பெருமுதல் தேவைப்பட்டது என்பதால் 2007 விற்பனையை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. எனினும் அதன் விளைவைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. வளமான பதிப்புப் பிரிவு பிரிந்தபின், குறைந்த ஆதாயமுள்ள சில்லறை விற்பனையை மட்டும் நம்பி, இணையவழி விற்பனையோடு கடை போட்டியிட வேண்டியதாயிற்று. பதினைந்தே ஆண்டுகளில் கடையும் கைமாறியது.

கடை இன்றும் பிராட் தெருவில் அதே பெயரில் இயங்குகிறது. பெயர் நிலைப்பதும், ஊரின் எழுத்தை ஊரிலேயே அச்சேற்றும் வாய்ப்பு நிலைப்பதும் ஒன்றல்ல என்பதே பிளாக்வெல்ஸ் வரலாறு தரும் பாடம்.