தோம்பில் அடங்காத வீடுகள்

கிளியூர் என்னும் ஊரில் ஒரு காப்பித் தோட்டத்தின் விஸ்தீரணத்தை அறிய விரும்புவோர்க்குப் பட்டாவும் சிட்டாவும் போதும். ஆயினும், அங்கே வாழ்ந்த கிழவி எந்தத் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போட்டாள் என்பதை எந்தச் சர்க்கார் ஏட்டிலும் காண இயலாது. அத்தகைய ஞாபகங்களுக்கென்றே ஒரு பதிவேட்டைச் சிருஷ்டித்தவர், 1969இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, டில்லியில் கலைப் பயிற்சி பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்த கருத்துருவக் கலைஞர் தாமோதரம்பிள்ளை சனாதனன்.

தோம்பு என்பது, போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் தம் இலங்கை ஆட்சியில் எழுதிவைத்த காணிப் பதிவேடு. அப்பெயரைத் தாங்கி 2011இல் வெளிவந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூலில், உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், தாம் இழந்த வீடுகளை ஞாபகத்திலிருந்து தம் கையாலேயே வரைந்த 80 படங்கள் உள்ளன. ஒவ்வொன்றோடும் அவர்தம் கதையும், கட்டடக் கலைஞர் அளவொழுங்கோடு மறுபடி வரைந்த படமும், சனாதனனின் வண்ணச் சித்திரமும் சேர்ந்து நிற்கின்றன.

இதன் தலையாய சிறப்பு, எழுதுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், படம் வரைந்து பழகாத ஜனங்களின் கையில் கலைஞர் முதலிற் கொடுத்ததேயாகும். நீள அகலம் பிழைத்த கோட்டில், வரைந்தவர் தம் வீட்டின் எந்த மூலையை அதிகமாக நேசித்தார் என்பது தெரிந்துவிடுகிறது. வரி வாங்கப் பிறந்த ஏடு, வாழ்ந்தவரின் உரிமைச் சாட்சியாக மாறுகிறது.

குறைகளும் இல்லாமலில்லை. அளவுகோல் வைத்த படம், அதிகாரத்தின் பார்வையை உணர்த்தவே வருகிறது எனினும், அந்த முரண் எண்பது முறை திரும்பும்போது அதன் கூர்மை மழுங்குகிறது. கதையே கண்ணீரைச் சொல்லி முடித்த இடத்தில், கலைஞரின் சித்திரம் அதையே குறியீடாக மறுபடி சொல்லி, எளிய கோட்டின் மௌனத்தைக் குலைப்பதும் உண்டு. அரிய பதிப்பாக உருவான இந்நூல், கலாபிமானிகளின் அலமாரியை அடைவதுபோல், வீடிழந்தவரின் கூடத்தை எளிதில் அடைவதில்லை.

எனினும், சீர்தூக்கிப் பார்க்குமிடத்து நிறையே மிகுதி: இந்நூலில் சிரஞ்சீவியாக நிற்பவை அந்த முதற்கோடுகளே, அவற்றுக்கு இடம் வகுத்துக் கொடுத்த மனமே சனாதனனின் கலை. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு தன் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட ஒரு சமூகத்தின் ஞாபகம், ஓரிடத்தில் மட்டும் இருத்தல் தகாது. ஆதலின், இத்தோம்பு மலிவுப் பதிப்பாகித் தமிழ் வழங்கும் ஊர்தோறும் நூலகங்களில் இடம்பெற வேண்டும்.