இன்ரர்ஸ்ரெலர்: விஞ்ஞானமும் சோகமும் - ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைவுத் திரைப்படங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் பரீட்சைத் தாள் திருத்துபவரின் மனப்பான்மையுடனேயே அவற்றை அணுகுகின்றனர். எங்கே பிழை, எத்தனை புள்ளி என்பதோடு அவர்தம் ஆய்வு முற்றுப்பெற்றுவிடுகிறது. கிறிஸ்தோபர் நோலனின் நெறியாள்கையில் 2014 ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்ரர்ஸ்ரெலர்' பற்றி எழுதப்பட்டவற்றுட் பல இத்தகையனவே. அப்படத்தின் விஞ்ஞானம் சரியா பிழையா என்பதினும், அது கதையில் என்ன பணியை ஆற்றுகிறது என்பதே விமரிசகன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

படத்தின் விஞ்ஞான ஆலோசகரான கிப் தோர்ன், ஈர்ப்பலைகளைக் கண்டறிந்தமைக்காக 2017 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பௌதிகவியலாளர். நிலைநாட்டப்பெற்ற பௌதிக விதி எதனையும் கதை மீறலாகாது என்பது அவரது நிபந்தனை. ஒளியினும் விரைவாகப் பயணம் செய்யும் ஒரு பாத்திரத்தை நோலன் விரும்பியபோது அவர் இணங்கவில்லை. மறுபுறத்தில், ஒரு கோளிற் கழியும் ஒரு மணித்தியாலம் பூமியில் ஏழு ஆண்டுகளுக்குச் சமமாதல் வேண்டும் என்பதில் நோலன் விடாப்பிடியாக நின்றார். இயலாது என முதலில் எண்ணிய தோர்ன், கணித்துப் பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார். சூரியனைப்போற் பத்துக் கோடி மடங்கு திணிவுடைய கருந்துளையொன்று, தனக்கு இயலுமான உச்சச் சுழற்சி வேகத்திலிருந்து நூறு இலட்சங்கோடியில் ஒரு பங்குகூடக் குறையாமற் சுழலுமாயின், அதனை மிக அண்மித்துச் சுற்றும் கோளில் அது நிகழக்கூடியதே. இயற்கையில் அத்தகைய சுழற்சி அமைதல் அரிது என்பது உண்மைதான். ஆனால் விதி அதனைத் தடுக்கவில்லை. கதைக்கு அது போதும்.

இக்கணக்கின் பயன், மலையென அலைகள் எழும் அக்கோளிலன்று, கூப்பர் விண்கலத்துக்கு மீண்ட பின்னரே புலனாகிறது. தாமதமானது சில மணித்தியாலங்களே. எனினும் கலத்திற் காத்திருந்த ரொமிலிக்கு முதுமை தட்டிவிட்டது. பூமியில் இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. குவிந்து கிடக்கும் ஒளிப்பதிவுச் செய்திகளில் மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், பெற்ற குழந்தையைப் பறிகொடுக்கிறான். ஈற்றில் மகள் மேர்ஃப் தோன்றி, தந்தை புறப்பட்டபோது அவருக்கிருந்த வயதை அன்று தான் அடைந்துவிட்டதாகக் கூறுகிறாள். இக்காட்சியில் வில்லன் எவருமில்லை. எவரும் எவருக்கும் துரோகம் இழைக்கவில்லை. ஐன்ஸ்ரைன் 1915 இல் வகுத்த பொதுச் சார்புக் கொள்கையே ஊழின் இடத்தில் நிற்கிறது. கிரேக்க அவல நாடகங்களில் தெய்வங்கள் ஆற்றிய பணியை இங்கு ஒரு சமன்பாடு ஆற்றுகிறது. அதனிடம் எவரும் மன்றாட முடியாது. கூப்பரின் அழுகை மிகைநாடகமாகச் சரியாதிருப்பதும் இதனாலேயே.

இறுதிப் பகுதியைப் பற்றி அவ்வாறு கூறவியலாது. கருந்துளைக்குள் விழும் கூப்பர், ஐம்பரிமாண உலகத்தோர் அமைத்த ஒரு கட்டமைப்பினூடாக மகளின் புத்தக அலுமாரிக்குப் பின்னால் வந்துசேர்கிறான். கருந்துளையின் உள்ளே நிகழ்வதை இன்றைய பௌதிகம் அறுதியிட்டுக் கூறாமையால், இதுவும் தோர்னின் நிபந்தனைக்குப் புறம்பானதன்று. ஆயினும் தடுப்பதற்கு விதியொன்று இல்லாதவிடத்து எதுவும் நிகழலாம். செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. பார்ப்போர் நெஞ்சம் முன்போற் கலங்குவதில்லை.

படத்தில் வரும் கருந்துளையின் தோற்றம் தனியே நோக்கத்தக்கது. இத்தகைய தோற்றத்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூமினே 1979 இலேயே கணித்து வரைந்திருந்தார். நோலனின் படத்துக்காகத் தோர்னின் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் அது மீண்டும் உருவாக்கப்பட்டது. 2015 இல் தோர்னும் அக்காட்சிகளை அமைத்த கலைஞரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது. சுழலும் ஒளித்தட்டின் நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும், விலகிச் செல்லும் பக்கம் மங்கியும் தோன்றவேண்டும். பார்வையாளர் குழம்பக்கூடும் என்பதால் அவ்வேறுபாடு திரையில் நீக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் முதன்முதலாக வெளியானபோது, அதன் வளையம் ஒருபுறம் தடித்துப் பிரகாசித்தும் மறுபுறம் மங்கியும் இருந்தது. ஒரு மணித்தியாலத்துள் ஏழு ஆண்டுகள் கரைவதை ஏற்றுக்கொண்ட பார்வையாளர், ஒருபுறம் மங்கிய வளையத்தை ஏற்கமாட்டார் என நோலன் ஏன் அஞ்சினார் என்பது விளங்கவில்லை.