ஆவடி டாங்கிக்கு ஆயிரம் குதிரைத்திறன்: யாருக்கு லாபம்?

2025 மார்ச் 7ஆம் தேதி, பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் செய்தது. டி-72 டாங்கியிலுள்ள 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதில் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வரப்போகிறது. சில எஞ்சின்கள் முழுதாக வரும். மற்றவை உதிரிகளாக வந்து இங்கே கோக்கப்படும். தொழில்நுட்பம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குக் கைமாறும். இதில் இரண்டு கேள்விகள் உண்டு. டாங்கிக்கு இது நல்லதா? ஆவடிக்கு இது நல்லதா? இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

முதலில் டாங்கி. டி-72இன் எடை சுமார் 41.5 டன். 780 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 19கூட முழுதாகத் தேறாது. 1,000 என்றால் 24. அதே திறனுள்ள டி-90க்கே, அதன் 46.5 டன் எடையால், டன்னுக்கு 21.5தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் டி-72கள் பலவற்றில் வெடிகவசம் ஏற்றப்பட்டு எடை கூடியிருக்கிறது. ஆகவே இந்தக் கூடுதல் திறனில் ஒரு பகுதி, கவசம் தின்ற வேகத்தைத் திருப்பிக் கொடுக்கவே போய்விடும். மிச்சம்தான் உண்மையான லாபம்.

அந்த மிச்சம் எங்கே பலன் தரும் என்பதை எஞ்சினின் வம்சாவளி சொல்லும். இரண்டாம் உலகப்போரின் டி-34 டாங்கியில் இருந்த வி-2 எஞ்சினின் வாரிசுதான் டி-72இன் வி-46. பன்னிரண்டு சிலிண்டர், 38.88 லிட்டர் கொள்ளளவு. அதே கொள்ளளவில் 500 குதிரைத்திறன் 780 ஆகி, டி-90இன் வி-92எஸ்2இல் 1,000 ஆனது. காரணம், உள்ளே திணிக்கும் காற்று. வி-46இல் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர், கிராங்க் சுழற்சியிலிருந்தே பல்சக்கரத்தால் ஓடுகிறது. எஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். வி-92எஸ்2இன் டர்போ, வீணாகப் போகும் புகையில் சுழல்கிறது. மலை உச்சியில் காற்று மெலியும்போது டர்போவின் சுழற்சி கூடி ஓரளவு ஈடுகட்டும். பல்சக்கரத்தில் கட்டுண்ட சூப்பர்சார்ஜரால் அது முடியாது. 2020இல் கிழக்கு லடாக்கில் நம் டாங்கிகள் ஏறி நின்ற உயரத்தை நினைத்தால், எஞ்சினை மாற்றுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் எஞ்சின் தனியாக ஓடுவதில்லை. ரிமோட்டில் ஓடும் நைட்ரோ டிரக்கில் பெரிய எஞ்சினை மாட்டியவர்களைக் கேளுங்கள்: அடுத்து கிளட்ச் தேயும், டிஃபரன்ஷியல் பல் உடையும், எஞ்சின் சூடேறி நிற்கும். டாங்கியிலும் அதே விதிதான். வி-46, வி-92எஸ்2 இரண்டுமே நிமிடத்துக்கு 2,000 சுற்றில்தான் முழுத் திறனைத் தருகின்றன. சுற்று கூடாமல் திறன் 28 சதவீதம் கூடினால், முறுக்குவிசையும் அதே அளவு கூடும். அந்தச் சுமை இருபுறக் கியர்பெட்டிகளின் தலையில் விழும்; ரேடியேட்டருக்கும் காற்று வடிகட்டிக்கும் வேலை கூடும். இவற்றையும் சேர்த்து மாற்றாவிட்டால் ராஜஸ்தான் வெயிலில் புதிய எஞ்சின் பழையதைவிட முன்பே படுத்துவிடும்.

எத்தனை குதிரைத்திறன் ஏற்றினாலும் மாறாத குறைகளும் இருக்கின்றன. டி-72 பின்னால் செல்லும் வேகம் மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர், அதாவது ஆள் நடக்கும் வேகம். எதிரியின் ஏவுகணையைக் கண்டதும் மேட்டின் பின்னால் பதுங்க வேண்டிய வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதைத் தீர்ப்பது கியர்பெட்டிதான், எஞ்சின் அல்ல.

இனி ஆவடி. இங்கே எஞ்சின் தொழிற்சாலை 1987இல் இருந்தே இயங்குகிறது. 2018 ஜூலையில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன், வி-46-6, வி-92எஸ்2 ஆகிய இரண்டு எஞ்சின்களை, முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு என்ற அறிவிப்போடு இங்கேதான் ராணுவத்திடம் ஒப்படைத்தார். 1,000 குதிரைத்திறன் எஞ்சினை முழுதாகச் செய்யத் தெரிந்த ஊருக்கு, ஏழு ஆண்டு கழித்து அதே திறனுக்கான தொழில்நுட்பம் விலைக்கு வருவது ஏன்? இதற்கு அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும்.

அவசரம் என்பது வலுவான வாதம். நம்மிடம் சுமார் 2,400 டி-72கள் உள்ளன. அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய எதிர்காலப் போர் வண்டித் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில்தான் முதல்கட்ட ஒப்புதல் கிடைத்தது. அந்த வண்டி வரும்வரை ராணுவம் கைகட்டி நிற்க முடியாது. ஆகவே முதல் தவணை எஞ்சின்கள் முழுதாக வருவதை ஏற்கலாம்.

அதற்குமேல் ஏற்க முடியாது. நம் சொந்த டாங்கியான அர்ஜுன் கற்றுக்கொடுத்த பாடம் அது. 1974இல் தொடங்கிய திட்டத்துக்கு உள்நாட்டு எஞ்சின் கைகூடவில்லை. ஜெர்மனியின் எம்டியு எஞ்சினைப் பொருத்தினோம். 2021இல் 118 மார்க்-1ஏ வண்டிகளுக்கு ஆர்டர் வந்தபோது, அந்த எஞ்சின் உரிய காலத்தில் கிடைக்காமல் வேலை தள்ளிப்போனது. 2024 மார்ச் 20 அன்று மைசூரு பெமல் வளாகத்தில் நம் 1,500 குதிரைத்திறன் எஞ்சின் முதன்முறை இயக்கிப் பார்க்கப்பட்டதன் அருமை இதனால்தான் புரிகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. எஞ்சின் மாற்றம் டாங்கிக்குத் தேவை. ஆனால் கியர்பெட்டியும் குளிர்விப்பும் சேர்ந்து பழுதுபார்க்கப்படும் வண்டிகளுக்கு மட்டும். இன்னும் பத்தாண்டு உழைக்கும் நிலையில் இல்லாத வண்டிக்கு ஒரு எஞ்சின்கூடச் செலவிடக் கூடாது. ஆவடியைப் பொறுத்தவரை, டர்போவும் எரிபொருள் பம்பும் கிராங்க் தண்டும் ஆவடியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வடிவம் பெற்றால் இந்த ஒப்பந்தம் வெற்றி. பெட்டியைப் பிரித்துப் போல்ட்டு முடுக்குவதோடு நின்றால், 2018இல் எட்டிய இடத்திலிருந்து நாமே பின்வாங்கினோம் என்று பொருள்.