இஸ்ஸாவின் மகள்

குழந்தை இறந்துபோவதாகக் கதை எழுதுவது சுலபம். என் ஆரம்ப காலக் கதை ஒன்றில் நானே அதைச் செய்திருக்கிறேன். மூன்று நாள் ஜுரம், வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார், தாய் அலறுவாள், கதை முடிந்துவிடும். படித்துவிட்டு அழுததாகப் பலர் கடிதம் எழுதினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தைக்கு நான் ஒரு பெயர்கூட வைக்கவில்லை என்பது, ஜப்பானியக் கவி இஸ்ஸாவின் 'ஒராகா ஹாரு' என்ற நூலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நொபுயுகி யுவாசா 1960-ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் மூலமாகத்தான் படித்தேன். நூலின் பெயருக்கு 'என் வசந்தம்' என்று பொருள் சொல்லலாம். 1819-ம் வருஷத்து அநுபவங்களை வசனமும் ஹைக்கூவும் கலந்து சொல்லுகிற சின்னப் புஸ்தகம். இஸ்ஸா இறந்து வெகு காலத்துக்குப் பிறகு, 1852-ல்தான் அச்சாயிற்று.

இஸ்ஸா 1763-ல், ஷினானோ என்ற மலைநாட்டில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மிகச் சிறு வயதிலேயே தாயை இழந்தார். மாற்றாந்தாயிடம் வளர்ந்து, விடலைப் பருவத்தில் எடோ நகரத்துக்கு அனுப்பப்பட்டார். ஊர் திரும்பி, கிக்கு என்ற பெண்ணை மணந்தபோது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. 1816-ல் பிறந்த முதல் பிள்ளை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. 1818-ல் பெண் பிறந்தாள். புத்திசாலியாக விளங்கட்டும் என்று சாதோ என்று பெயர் வைத்தார்கள். மறு வருஷம் கோடையில் வைசூரி கண்டு இறந்துபோனாள். அப்போது அவளுக்கு ஒரு வயது தாண்டிச் சிறிது காலந்தான் ஆகியிருந்தது.

இதை இஸ்ஸா எப்படிச் சொல்லுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மரணத்துக்கு முன்னால் அவர் குழந்தையைச் சொல்லுகிறார். வேறொரு குழந்தையின் கையில் பார்த்த காற்றாடிக்காகச் சாதோ அழுகிறாள். வாங்கிக் கொடுத்தால், வாயில் வைத்துச் சப்பிவிட்டு எறிந்துவிடுகிறாள். காகிதக் கதவைக் கிழிக்கிறாள், 'பேஷ்!' என்று சொன்னதும் இன்னும் மும்முரமாகக் கிழிக்கிறாள். நாய் எங்கே, காக்கை எங்கே என்று யாராவது மழலையில் கேட்டால், சரியாக விரலை நீட்டிக் காட்டுகிறாள். பூஜை மாடத்தில் மணி ஒலித்தால் எங்கிருந்தாலும் தவழ்ந்து வந்து பிஞ்சுக் கைகளைக் கூப்புகிறாள். பால் கொடுத்துக்கொண்டே தாய் அவள் உடம்பில் தெள்ளுப்பூச்சி கடித்த தடங்களை எண்ணுகிறாள்.

நோய்க்கோ சில வரிகள்தாம். கொப்புளங்கள் உலர்ந்து பொருக்கு உதிரத் தொடங்குகிறது. வீடே மகிழ்ந்துபோகிறது. வைக்கோலில் மூடி பின்னி, வெந்நீர் தெளித்து, அம்மைத் தெய்வத்தை வழியனுப்புகிறார்கள். அம்மை இறங்கியதும் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு விடுகிற நமக்கு இந்தச் சடங்கை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சடங்குக்குப் பிறகும் குழந்தை தேறவில்லை. தளர்ந்துகொண்டே வந்து போய்விடுகிறாள். தாய் அந்த முகத்தைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள்.

இஸ்ஸா பௌத்தர். போனது திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பாசம் அறவில்லை என்று ஒப்புக்கொள்ளுகிறார். அந்த இடத்தில் வருகிற புகழ்பெற்ற ஹைக்கூ, உலகம் பனித்துளி போன்றது என்ற தத்துவத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டு, பிறகு 'ஆனாலும்' என்று சொல்லி நின்றுவிடுகிறது. மேலே ஒரு சமாதானமும் இல்லை. தத்துவத்தை அவர் மறுக்கவில்லை; அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் இதைவிட நாணயமான துக்கம் இலக்கியத்தில் அபூர்வம்.

இது அன்றன்று எழுதிய நாட்குறிப்பு அல்ல, பின்னால் கலைநோக்கோடு அடுக்கப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். இருக்கட்டுமே! இறந்த குழந்தையின் சட்டைகளைப் பெட்டியில் வைக்கிற தாயும் மடித்து அடுக்கித்தான் வைக்கிறாள். அதனால் அவள் துக்கம் பொய்யாகிவிடுமா?

என் குறை வேறு. கிக்கு பெற்ற நான்கில் ஒன்றுகூடத் தங்கவில்லை. 1823-ல் அவளும் போனாள். பூச்சிக் கடிகளை எண்ணியவள் அவள். எழுதி வைத்தவர் அவர். அவள் துக்கத்துக்கு இந்த நூலில் கிடைத்த இடம் ஒரு கதறல்தான்.

அம்மைப்பால் குத்தும் முறை ஜப்பானுக்கு வந்து பலித்தது 1849-ல். சாதோ இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. 1980-ல் வைசூரி உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் திடீரென்று வந்து குழந்தையைக் கொண்டுபோகிற வேறு நோய்கள் ஒழியவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களும் மாறவில்லை. "இன்னொன்று பிறக்கும், மனசைத் தேற்றிக்கொள்" என்கிறார்கள். ஒரு வயதுக் குழந்தையைப் பற்றி நினைவு வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுதான் அதன் உள்ளர்த்தம். இஸ்ஸா அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்: கிழித்த காகிதம் இருக்கிறது, எறிந்த காற்றாடி இருக்கிறது, கூப்பிய கை இருக்கிறது. இவற்றைத் தப்பில்லாமல் சொல்லுவதே அந்த உயிருக்குச் செய்கிற மரியாதை.

என் பழைய கதையைத் தொகுப்பில் சேர்க்கலாமா என்று பதிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். திருத்தி எழுதிக் கொடுங்களேன் என்றார். அந்தக் குழந்தை எதைப் பார்த்துச் சிரிக்கும், எதற்கு அடம்பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாத நான் எதைத் திருத்துவது?