கட்டியது கயிறல்ல

ஜான் பனியனின் 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' (1678) படித்த கையோடு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தைத் திறந்தால் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். பனியனின் ஆள் முதுகில் மூட்டையோடு, காதைப் பொத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டு ஓடுகிறான். கிருஷ்ணபிள்ளையோ கம்பனைப் போல ஆற அமரத் தொடங்குகிறார். ஐந்து பருவம், மூவாயிரத்துக்கும் மேல் பாடல். "அலங்காரம் ஓவர்" என்று மூடி வைத்துவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு.

அவர்கள் தவறவிட்டது, மூலத்தில் இல்லாமல் அவர் சேர்த்த ஒரு பகுதியை.

பனியனின் பயணி சிலுவை முன் வந்ததும் மூட்டை அவிழ்ந்து விழுகிறது, உருண்டுபோய்க் கல்லறைக்குள் மறைகிறது. சில வரிகள், அவ்வளவுதான். சிலுவையில் நடந்தது என்ன என்று அவர் விளக்க வேண்டியதில்லை. வாசகர்கள் பைபிளோடு வளர்ந்தவர்கள். கிருஷ்ணபிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர், 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். கேட்பவர்களுக்குக் கதையே புதிது என்று அவருக்குத் தெரியும். அதனால் குமார பருவத்தில் 'இரட்சணிய சரித படலம்' வைத்து இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார்.

இதனால் காவியத்தின் எடையே இடம் மாறுகிறது. 'நான் தப்பிக்க என்ன செய்யணும்?' என்பது பனியனுடைய ஆளின் கேள்வி. இங்கே அதற்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நிற்கிறது: எனக்காக ஏற்கெனவே என்ன நடந்து முடிந்திருக்கிறது?

'மீட்பு' என்றால் நமக்கு முதலில் அடகு நகைதான். ஆவடியிலோ அம்பத்தூரிலோ அடகுக் கடை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், நகை தன்னைத் தானே மீட்டுக்கொள்ளாது. பணம் கட்டுவது வேறொருவர். இந்தக் கணக்கில் விசுவாசம் பணம் அல்ல. பணம் கட்டியாகிவிட்டது என்பதை நம்புவது மட்டும்தான். எங்கள் பக்கம், பூந்தமல்லி வரை, சுவர்களில் பார்க்கிற ஜெபக்கூட்டப் போஸ்டர்கள் சிலவற்றில் வரிசை தலைகீழ். நீ நம்பு, கடன் தீரும், வேலை கிடைக்கும். நம்பிக்கையே கரன்சி. இன்புட் போட்டால் அவுட்புட் வருவது என் ஆபீஸில் சரி. கடவுளை அப்படி எழுதினால் கதை செத்துவிடும்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் பலர் பார்த்திருக்கக்கூடிய ஒரு பாட்டு இந்தப் படலத்தில் வருகிறது. இயேசு கட்டுண்டு நிற்கிறார். அவரைப் பிடித்து நிறுத்தியது கயிறு என்று எண்ணாதீர்கள் என்கிறார் கவிஞர். தன்னைப் பகைப்பவர்களுக்குக் கேடு வந்துவிடுமே என்ற இரக்கம், அவர்கள் மேல் வைத்த அன்பு, அதுதான் கட்டு. நினைத்தால் அவிழ்த்துக்கொண்டு போயிருக்கலாம். பிரசங்கங்களில் 'தேவனுடைய மீட்பின் திட்டம்' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ப்ராஜெக்ட் பிளான் மாதிரி ஒலிக்கும். இங்கே திட்டம் என்பது, போக முடிந்த ஒருவர் போகாமல் நிற்பது. கம்பனிடம் கற்றதெல்லாம் இந்த ஓரிடத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

விலை இல்லாமல் இல்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயணி சிறுத்துப்போகிறான். பனியனின் ஆள் சந்தேகக் கோட்டையில் அடைபட்டுக் கிடந்து, சாவி தன் சட்டைக்குள்ளேயே இருப்பதைத் திடீரென நினைத்துக்கொள்வானே, அந்தப் பதற்றம் இங்கே எனக்கு வரவில்லை.

புதிதாகப் படிப்பவர்கள் ஆதி பருவத்திலிருந்து வர வேண்டாம். நேராகக் குமார பருவத்துக்குப் போங்கள், உரையோடு.